தோட்டமும் தாமானும்: ஜொகூர் பாருவின் தொழில் வளர்ச்சியும் சொத்து முதலீடும்



மொழிக்கென நடைபெறும் சொற்பொழிவு வரிசையில் நிலத்தின் விலையைப் பற்றிப் பேசுவது பொருந்துமா என்ற ஐயம் சிலருக்கு எழலாம். பொருந்தும் என்பதற்கு இரண்டு சொற்களைச் சான்றாக வைப்போம். தமிழகத்தில் தோட்டம் என்றால் கத்தரியும் அவரையும் காய்க்கும் கொல்லைப்புறம் நினைவுக்கு வரும். மலாயாவுக்கு வந்த நம் முன்னோர்க்கு அதே சொல் ஆயிரக்கணக்கான ஏக்கர் பால்மரக்காட்டையும், அதன் நடுவே நின்ற லயன் வீடுகளையும், கோயிலையும், பள்ளியையும் சேர்த்துக் குறித்தது. இன்று அவ்விடங்களில் எழுந்துள்ள வீடமைப்புப் பகுதிகளைத் தாமான் என்கிறோம். மலாய்மொழியில் தாமான் என்பதன் நேர்ப்பொருள் பூந்தோட்டம். ஆக, தோட்டம் அழிந்த இடத்தில் எழுந்ததற்கும் தோட்டம் என்றே பெயர்; மொழி மட்டும் மாறியது. ஆங்கிலமோ எஸ்டேட் என்ற ஒரே சொல்லால் பால்மரத் தோட்டத்தையும் குடியிருப்புப் பேட்டையையும் ஒருவர் விட்டுச்செல்லும் சொத்தையும் குறித்துவிடுகிறது. இந்த மூன்று பொருள்களுக்கும் இடையே நடந்த கதைதான் நம் உரையின் பொருள். அக்கதை நடந்த ஊர்களுள் ஜொகூர் பாருவை எடுத்துக்கொள்கிறோம். பாலத்தின் இருபுறத்தாரும் அறிந்த ஊர் அது.

ஜொகூர் பாரு பழைய ஊர் அன்று. 1855-இல் தெமெங்கோங் டாயேங் இப்ராகிம் தோற்றுவித்த குடியிருப்பு, 1866-இல் அவர் மகன் அபு பக்கார் காலத்தில் இன்றைய பெயரைப் பெற்றது. கேம்பியரும் மிளகும் பயிரிட்ட சீனக் குடியேறிகளே அதன் முதல் பொருளாதாரத்தை அமைத்தனர். ரப்பர் பின்னால் வந்தது. அதனுடன் தமிழ்த் தொழிலாளரும் வந்தனர். 1924-இல் கடற்பாலம் முறையாகத் திறக்கப்பட்டபோது இவ்வூரின் போக்கு நிலைபெற்றுவிட்டது எனலாம். ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாலத்தின் தென்முனையில் ஒரு பெரும் துறைமுக நகர். வடமுனையில் நிலமும் நீரும் ஆளும் நிறைந்த ஓர் ஊர். ஒன்றிடம் இல்லாதது மற்றொன்றிடம் இருந்தது.

தொழிற்சாலைகள் வந்த காரணத்தைச் சற்று நின்று பார்க்கவேண்டும். ஜொகூர் மாநிலப் பொருளாதார மேம்பாட்டுக் கழகம் 1968-இல் அமைந்தது. எழுபதுகளில் பாசிர் கூடாங்கில் தொழிற்பேட்டையும், 1977-இல் துறைமுகமும் வந்தன. செம்பனை எண்ணெய்ச் சுத்திகரிப்பு, வேதிப்பொருள், கப்பல் கட்டுதல் ஆகியவை அங்கே வேரூன்றின. எண்பதுகளில் சிங்கப்பூரில் கூலியும் நிலவாடகையும் உயர்ந்தபோது மின்னணு உறுப்புகள் பொருத்தும் பணிகளும் நெகிழித் தொழில்களும் பாலத்தைத் தாண்டி வடக்கே நகர்ந்தன. 1989-இல் அப்போதைய துணைப்பிரதமர் கோ சோக் தோங் சிங்கப்பூர், ஜொகூர், ரியாவ் ஆகிய மூன்றையும் இணைத்து ஒரு வளர்ச்சி முக்கோணம் அமைக்கும் கருத்தை முன்வைத்தார். காகிதத்தில் அது புதிய திட்டம். நடைமுறையில் முன்பே நிகழ்ந்துகொண்டிருந்ததற்குச் சூட்டிய பெயர் என்றே நாம் கருதுகிறோம். 1998-இல் இரண்டாம் பாலம் திறக்கப்பட்டது. அதன் அருகே தஞ்சோங் பெலெப்பாஸ் துறைமுகம் எழுந்தது. 2000-ஆம் ஆண்டில் மெர்ஸ்க் கப்பல் நிறுவனம் தன் சரக்கு மாற்றுப் பணியைச் சிங்கப்பூரிலிருந்து அங்கே மாற்றிக்கொண்டது.

இதுவரை கூறியவற்றில் ஒரு பொதுத்தன்மை உண்டு. இவை அனைத்தும் செய்யும் வேலையை முன்னிட்டு வந்தவை. தொழிற்சாலைக்கு நிலம் வேண்டும். நிலத்தின் மதிப்போ அங்கே நடக்கும் உற்பத்தியால் வருவது. இதை மனத்தில் வைத்துக்கொள்வோம்.

இவ்வூரின் நிலவிலையைப் புரிந்துகொள்ளத் தேவையான திறவுகோல் வேறோரிடத்தில் உள்ளது. 1973 மே மாதம் வரை மலேசிய வெள்ளியும் சிங்கப்பூர் வெள்ளியும் ஒன்றுக்கு ஒன்றாகப் புழங்கின. பாலத்தின் எப்பக்கம் சம்பளம் வாங்கினாலும் அதன் மதிப்பு ஒன்றுதான். அவ்வேற்பாடு முடிவுக்கு வந்தபின் இரண்டும் தத்தம் வழியில் சென்றன. இன்று ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு மூன்று ரிங்கிட்டுக்கு மேல் கிடைக்கிறது. விளைவு என்னவெனில், ஒரே தெருவில் அடுத்தடுத்த வீடுகளில் வாழும் இருவருள் ஒருவர் இவ்வூரின் சம்பளத்திலும், மற்றவர் பாலத்துக்கு அப்பாலுள்ள சம்பளத்திலும் வாழ்கின்றனர். நாள்தோறும் மூன்று இலட்சத்திற்கும் மேற்பட்டோர் எல்லையைக் கடக்கின்றனர். அவர்களுள் பலர் விடியற்காலை நான்கு மணிக்கே வீட்டைவிட்டுப் புறப்படுபவர்கள். சந்தையில் மீனும் காய்கறியும் இருவர்க்கும் ஒரே விலைதான், வீடும் அப்படியே. ஆனால் மீன் விலை ஏறினால் ஒருவேளை வாங்காமல் இருக்கலாம். வீட்டுக்கு அவ்வாறு செய்ய இயலாது.

2006 நவம்பரில் அன்றைய பிரதமர் அப்துல்லா அகமட் படாவி தென்ஜொகூர் மேம்பாட்டு வட்டாரத்தைத் தொடங்கிவைத்தார். பின்னர் இஸ்கந்தர் மலேசியா என்று பெயர் பெற்ற அவ்வட்டாரத்தின் பரப்பு அப்போது 2,217 சதுர கிலோமீட்டர். சிங்கப்பூரைப் போல் மூன்று மடங்கு. மாநில நிர்வாகத்தையே நுசாஜெயாவுக்கு, அதாவது இன்றைய இஸ்கந்தர் புத்திரிக்கு மாற்றினர். வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களின் கிளைகள் வந்தன. 2012-இல் லெகோலேண்ட் பொழுதுபோக்குப் பூங்கா திறந்தது. சாலைகள் அகன்றன. இவற்றுள் பல நல்ல பணிகள் என்பதை மறுப்பதற்கில்லை. எனினும் இக்காலத்தில்தான் தொழில் வளர்ச்சியின் நடையும் சொத்து முதலீட்டின் நடையும் பிரிந்தன.

பிரிந்தது எவ்வாறு? சிங்கப்பூர் அரசு 2011 இறுதியில் வீடு வாங்குவோர்மீது கூடுதல் முத்திரைத் தீர்வை விதித்து, 2013 தொடக்கத்தில் அதை உயர்த்தியது. அங்கே இடம் காணாத சேமிப்பு பாலம் தாண்டி இங்கே வந்தது. சீனப் பெருநிலத்தின் மேம்பாட்டு நிறுவனங்களும் வந்தன; அவை ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கான அடுக்குமாடி வீடுகளைக் கட்டிப் பழகியவை. அக்காலத்தில் ஒரு திட்டம் பரவலாக இருந்தது. கட்டுமானம் முடியும்வரை வாங்குபவரின் கடன்வட்டியை மேம்பாட்டாளரே செலுத்திவிடுவார். முன்பணம் மட்டும் கையில் இருந்தால் போதும். கட்டி முடிக்கும்முன் கைமாற்றிவிடலாம் என்று பலர் எண்ணினர். ஒருவரே மூன்று நான்கு வீடுகளுக்கு முன்பதிவு செய்தார். வாங்கியவர் குடியிருக்கப் போவதில்லை, வாடகைக்கு விடப்போவதுமில்லை, தம்மைப்போல் வாங்கும் மற்றொருவர்க்காக வாங்கினார்.

நடுவண் அரசு விழித்துக்கொண்டது. 2014 முதல் அந்த வட்டித் திட்டம் தடைசெய்யப்பட்டது. மூன்று ஆண்டுக்குள் விற்கப்படும் சொத்தின் ஆதாயத்திற்கு 30 விழுக்காடு வரி வந்தது. அயல்நாட்டார் வாங்கக்கூடிய வீட்டின் குறைந்தபட்ச விலை 500,000 ரிங்கிட்டிலிருந்து 1,000,000 ரிங்கிட்டாக உயர்ந்தது. ஆனால் கட்டடங்கள் ஏற்கெனவே மேலெழுந்துகொண்டிருந்தன. எழுந்த கட்டடத்தைச் சட்டத்தால் கீழிறக்க முடியாது. தகுதிச் சான்றிதழ் பெற்று, விற்பனைக்கு வந்து ஒன்பது மாதங்களுக்கு மேலாகியும் விலைபோகாத வீட்டைத் தேங்கிய வீடு என்று மலேசியாவின் சொத்துத் தகவல் மையம் கணக்கிடுகிறது. சேவை அடுக்குமாடி வகையில் அப்பட்டியலின் முன்வரிசையில் ஜொகூர் ஆண்டுக்கணக்கில் இடம்பெற்று வந்தது.

இங்கே மாணவர்கள் தங்கள் கணக்கேட்டை எடுத்துக்கொள்ளலாம். பின்வருவது மாதிரிக் கணக்கு; எந்த ஒரு வீட்டின் விலையும் அன்று. ஓர் அடுக்குமாடி வீட்டின் விலை 500,000 ரிங்கிட் என்று கொள்வோம். முன்பணம் பத்து விழுக்காடு, 50,000. மீதி 450,000 ரிங்கிட்டை நூற்றுக்கு 4 வட்டியில் 35 ஆண்டுக் கடனாகப் பெறுகிறோம். மலேசியாவில் வீட்டுக்கடனுக்கு அனுமதிக்கப்பட்ட நெடிய காலம் அதுவே. மாதத் தவணை ஏறத்தாழ 1,990 ரிங்கிட் வரும். 35 ஆண்டில் செலுத்தும் தொகை ஏறத்தாழ 837,000. இவ்வீட்டை மாதம் 1,600 ரிங்கிட்டுக்கு வாடகைக்கு விடுவதாகக் கொண்டால் ஆண்டு வாடகை 19,200. வீட்டுவிலையில் அது 3.84 விழுக்காடு. கடனின் வட்டியோ 4 விழுக்காடு. பராமரிப்புக் கட்டணத்திற்கும் சேமநிதிக்கும் மாதம் 300 ரிங்கிட் கழித்தால் கையில் நிற்பது 1,300. ஆக, மாதந்தோறும் 690 ரிங்கிட் சொந்தப் பையிலிருந்து போகும். நிலவரியும் மதிப்பீட்டு வரியும், வாடகைக்கு ஆள் இல்லாத மாதங்களும் இன்னும் கணக்கில் சேரவில்லை.

இம்முதலீடு ஆதாயம் தரவேண்டுமானால் விலை ஏறியே ஆகவேண்டும். வேறு வழியில்லை. விலை ஏறுமா என்பதை எது தீர்மானிக்கும்? அவ்வீட்டில் குடியிருக்கக்கூடியவரின் வருமானம்தான் நெடுங்காலத்தில் தீர்மானிக்கும். 2025 பிப்ரவரி முதல் மலேசியாவின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 ரிங்கிட். நாம் போட்ட கணக்கின் தவணை அதைவிட அதிகம். கணவன் மனைவி இருவரும் அச்சம்பளத்தில் உழைத்து மாதம் 3,400 ரிங்கிட் ஈட்டினால், ஆண்டு வருமானம் 40,800. குடும்பத்தின் ஆண்டு வருமானத்தைப்போல் மூன்று மடங்கு விலையுள்ள வீடே கட்டுப்படியாகும் வீடு என்பது வீடமைப்பு ஆய்வாளர் கையாளும் ஓர் அளவுகோல். அதன்படி இக்குடும்பத்துக்கு ஏற்ற வீட்டின் விலை 122,400 ரிங்கிட். அதே அடுக்கில் வாழும் மற்றொருவர் சிங்கப்பூரில் மாதம் 2,500 வெள்ளி சம்பாதிக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வெள்ளிக்கு 3.20 ரிங்கிட் வீதம் அது 8,000 ரிங்கிட். 1,990 ரிங்கிட் தவணை அவர் வருமானத்தில் நான்கில் ஒரு பங்கு மட்டுமே. அவர் பேராசைக்காரர் அல்லர். அவரும் விடியலில் எழுந்து வெயிலில் வரிசையில் நிற்கும் தொழிலாளிதான். ஆயினும் அவர் கொடுக்கக்கூடிய விலையே இவ்வூரின் விலையாகிவிடும்போது, இவ்வூரிலேயே உற்பத்தி செய்து இவ்வூரிலேயே சம்பளம் வாங்குபவர் ஊரின் விளிம்புக்குத் தள்ளப்படுகிறார்.

நம்பிக்கையை மட்டுமே அடித்தளமாகக் கொண்ட கட்டடம் எப்படியிருக்கும் என்பதற்கு ஒரு சான்று இரண்டாம் பாலத்தின் அருகில் கடலுக்குள் நிற்கிறது. ஃபாரஸ்ட் சிட்டி எனப்படும் அத்திட்டத்தில் நான்கு செயற்கைத் தீவுகளும், அவற்றில் 700,000 மக்களும் அமைவர் என்று அறிவிக்கப்பட்டது. கண்ட்ரி கார்டன் என்னும் சீன நிறுவனம் ஜொகூர்த் தரப்புப் பங்காளிகளுடன் அதை மேற்கொண்டது. மணல் கொட்டத் தொடங்கிய இடம் மெராம்போங் கடற்புல் வெளிக்கு அருகிலானது. தஞ்சோங் கூப்பாங் மீனவர் வலைவீசிய நீர். சுற்றுச்சூழல் மதிப்பீடு வேண்டி 2014-இல் பணி நிறுத்தப்பட்டு, 2015 தொடக்கத்தில் ஒப்புதல் பெற்றது. வாங்குவோருள் பெரும்பாலோர் சீனத்தின் நடுத்தர வகுப்பினர். சீன அரசு தன் குடிமக்கள் ஆண்டுக்கு 50,000 அமெரிக்க டாலருக்கு மேல் வெளியே எடுத்துச்செல்லக் கூடாது என்ற வரம்பை 2017 முதல் கடுமையாகச் செயற்படுத்தியது. வீடு வாங்கும் பொருட்டு அந்நியச் செலாவணி பெறுவதும் தடைப்பட்டது. மலேசியாவில் எந்தச் சட்டமும் மாறாமலே, ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் எடுத்த ஒரு முடிவால் ஒரு நகரின் எதிர்காலம் திரும்பிவிட்டது. 2018-இல் மலேசிய அரசு மாறியபோது அயல்நாட்டார் குடியுரிமை பற்றிய கடுஞ்சொற்கள் எழுந்தன, பிறகு பெருந்தொற்று, பிறகு 2023-இல் தாய்நிறுவனமே கடன் தவணை தவறியது. அண்மையில் அதைச் சிறப்பு நிதி மண்டலமாக அறிவித்து, குடும்பச் செல்வ நிர்வாக அலுவலகங்களுக்கு வரிவிலக்களித்துள்ளனர். அது பயன் தரலாம். ஆனால் 700,000 பேர் குடியிருப்பதற்கு 700,000 பேருக்கு அங்கே என்ன வேலை என்ற எளிய வினா தொடக்கத்திலேயே கேட்கப்பட்டிருக்க வேண்டும்.

இனி தோட்டம் என்ற சொல்லுக்கு வருவோம். நில முதலீடு செல்வர்களின் ஆட்டம், நமக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று நம் மாணவர்களுள் சிலர் எண்ணக்கூடும். வரலாறு வேறாகச் சொல்கிறது. மலாயா விடுதலை பெற்ற காலத்தை ஒட்டி ஆங்கிலேய நிறுவனங்கள் பல தங்கள் தோட்டங்களை விற்றுவிட்டுப் புறப்பட்டன. வாங்கியவர்கள் அவற்றைச் சிறு துண்டுகளாக்கி விற்றனர். தோட்டத் துண்டாடல் என்று அன்றைய தமிழ் நாளிதழ்கள் எழுதிய அந்நிகழ்வால் வேலையும் வீடும் ஒரே நாளில் போயின. ஏனெனில் தொழிலாளியின் வீடு அவர் வேலையோடு கட்டப்பட்டது. அவர் பெயரில் ஒரு சதுர அடியும் இல்லை. மூன்று தலைமுறை வாழ்ந்த இடத்தில் அவர் சட்டப்படி வேலையாள் மட்டுமே. 1951 முதல் 1960 வரையிலான துண்டாடலைப் பற்றிப் பேராசிரியர் உங்கு அசிஸ் ஆய்வறிக்கை எழுதினார்.

அந்நிலையில் 1960-இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். அமைச்சராக இருந்த அவர் தோட்டந்தோட்டமாகச் சென்று ஒவ்வொரு தொழிலாளியிடமும் பத்து வெள்ளி கேட்டார். பாலெடுப்பவரின் பத்து வெள்ளிகள் சேர்ந்து, விற்பனைக்கு வந்த தோட்டங்களை முழுமையாகவே வாங்கின. அதுவும் நில முதலீடுதான். ஆனால் வாங்கியவர்கள் அந்நிலத்தில் உழைப்பவர்கள். அவர்கள் வாங்கியது விற்பதற்காக அன்று, இருப்பதற்காக. இன்றைய விளம்பரங்களில் முதலீடு என்ற சொல்லைக் காணும்போது இந்தப் பத்து வெள்ளியையும் நினைவுகூரலாம் என்பது நம் விருப்பம்.

எல்லாத் தோட்டங்களையும் அச்சங்கத்தால் காக்க இயலவில்லை; இயல்வதும் அன்று. ஜொகூர் பாருவின் வடக்கே மவுண்ட் ஆஸ்டின் ஒரு காலத்தில் பெரும் ரப்பர்த் தோட்டம். இன்று அது உணவகங்களும் தேநீர்க் கடைகளும் நிறைந்த நகர்ப்பகுதி. அங்கே மாலையுணவுக்குச் செல்லும் இளைஞர்களுள் எத்தனை பேர் அப்பெயரின் மூலத்தை அறிவர்? ஜொகூரில் உள்ள தமிழ்ப்பள்ளிகள் பலவற்றின் பெயரில் இன்னும் லாடாங் என்ற மலாய்ச்சொல் நிற்கிறது. தோட்டம் போயிற்று, பால்மரம் ஒன்றுகூட இல்லை, பள்ளியின் பெயர்ப்பலகை மட்டும் இவ்விடம் என்னவாக இருந்தது என்பதைச் சொல்லிக்கொண்டிருக்கிறது. பள்ளிகளை இடம் மாற்றும்போது பெயரை நவீனமாக மாற்றவேண்டும் என்று சிலர் கோருகின்றனர். நாம் அதற்கு உடன்படுவதில்லை. அது வேறோர் உரைக்குரிய செய்தி.

தொழில் வளர்ச்சியின் அருகிலேயே வாழ்வதன் மறுபக்கத்தையும் ஆசிரியர்கள் அறிவர். 2019 மார்ச்சில் பாசிர் கூடாங்கின் கிம் கிம் ஆற்றில் யாரோ வேதிக்கழிவைக் கொட்டினர். காற்றில் பரவிய நச்சாவியால் மாணவர்கள் வகுப்பறையிலேயே மயங்கினர். ஆயிரக்கணக்கானோர் மருத்துவம் பெற்றனர். அவ்வட்டாரத்தின் 111 பள்ளிகளும் மூடப்பட்டன. அங்கே வீடுகள் மலிவு. அதனால்தான் தொழிலாளர் குடும்பங்கள் அங்கே வாழ்கின்றன. மலிவுக்குக் காரணம் என்ன என்பதை வீட்டு விளம்பரம் சொல்லாது. தொழிற்பேட்டைக்கும் குடியிருப்புக்கும் இடையே விடவேண்டிய வெற்றிடம், நிலவிலை ஏறும்போதெல்லாம் முதலில் சுருங்கும் இடமாகும்.

அண்மைக் காலத்தில் மூன்றாவது அலை ஒன்று வந்துள்ளது. சிங்கப்பூர் 2019 முதல் 2022 வரை புதிய தரவு மையங்களை நிறுத்திவைத்தது. அத்தேவை ஜொகூர் பக்கம் திரும்பியது. கூலாய், செடெனாக், இஸ்கந்தர் புத்திரி ஆகிய இடங்களில் சன்னலற்ற பெருங்கட்டடங்கள் எழுகின்றன. செடெனாக்கில் முன்பு செம்பனை நின்றது. தோட்டத்துக்கு நூற்றுக்கணக்கான கைகள் வேண்டும், தொழிற்சாலைக்கும் அப்படியே. கட்டி முடித்த தரவு மையத்துக்கு அவ்வளவு ஆள் தேவையில்லை. அதற்கு வேண்டியவை மின்சாரமும் குளிர்விக்கும் நீரும். 1962-ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி ஜொகூர் ஆற்றிலிருந்து நாள்தோறும் 250 மில்லியன் கேலன் வரை சிங்கப்பூர் பெற்றுக்கொள்ளலாம். 2061 வரை அது நடப்பிலிருக்கும். அதே மாநிலத்தின் நீரைத்தான் வீடுகளும் வயல்களும் இப்போது தரவு மையங்களும் பகிர்ந்துகொள்ள வேண்டியுள்ளது. மாநில அரசு விண்ணப்பங்களை ஆராயக் குழு அமைத்து, ஒரு பகுதியை 2024-இல் மறுத்தது நல்ல அறிகுறி. முதலீட்டுத் தொகை எத்தனை பில்லியன் என்று செய்தியில் படிக்கும்போது, அதில் பெரும்பகுதி வெளிநாட்டிலிருந்து வந்திறங்கும் கணினிப் பொறிகளின் விலை என்பதையும், அப்பணம் ஊரில் சம்பளமாகச் சுழலாது என்பதையும் மாணவர்கள் உணரவேண்டும்.

இவ்வலையோடு இரு நாடுகளும் 2025 ஜனவரி 7-ஆம் நாள் சிறப்புப் பொருளாதார மண்டல ஒப்பந்தத்தைச் செய்துகொண்டன. முதல் ஐந்து ஆண்டில் 20,000 திறன்மிகு வேலைகளை உருவாக்குவது அதன் இலக்கு. புக்கிட் சகாரிலிருந்து உட்லண்ட்ஸ் வடக்குக்கு 4 கிலோமீட்டர் விரைவு இரயில் பாதையும் அமைகிறது. மணிக்கு ஒரு திசையில் 10,000 பயணிகளைக் கொண்டுசெல்லும் அளவில் அது திட்டமிடப்பட்டுள்ளது. அறிவிப்பு வந்தவுடனேயே புக்கிட் சகாரைச் சுற்றியுள்ள வீடுகளின் விலையும் வாடகையும் ஏறத் தொடங்கிவிட்டன. "சிங்கப்பூருக்கு ஐந்தே நிமிடம்" என்று விளம்பரங்கள் கூறும். இரயிலில் ஏறியபின் ஐந்து நிமிடம் என்பது உண்மை. நிலையத்துக்குச் சென்று சேரும் நேரத்தை யார் கணக்கிடுவது?

இம்முறை நிலைமை முன்னதைவிட மேலானது என்று கருத இடமுண்டு. 2013-இல் மக்கள் வாங்கியது நகரைப் பற்றிய ஒரு கற்பனையை. இப்போது இரயிலும் வேலையும் கண்ணுக்குத் தெரிகின்றன. ஆனால் ஓர் ஐயம் உள்ளது. இரயில் எளிதாக்குவது ஜொகூரில் வாழ்ந்து சிங்கப்பூரில் உழைப்பதை. மண்டலம் விரும்புவதோ ஜொகூரிலேயே உழைப்பதை. முன்னது வென்றால் மாநிலம் ஒரு பெரிய உறங்குமிடமாகி, வீட்டுவிலை சிங்கப்பூர் வெள்ளியிலேயே நிற்கும். இங்குள்ள தொழிற்சாலை ஆள் கிடைக்காமல் தவிக்கும். பின்னது வெல்லவேண்டுமானால் அந்த 20,000 வேலைகளின் சம்பளம், பாலம் தாண்டுபவரை நின்று யோசிக்கவைக்கும் அளவு இருக்கவேண்டும். வரிச்சலுகையைவிட இதுவே கடினமான பகுதி. அவ்வேலைகளுக்குத் தகுதியானவராக நம் மாணவர்கள் இருப்பரா என்பது ஆசிரியர்களாகிய நம்மைச் சார்ந்தது. தொழில்நுட்பக் கல்லூரியில் இயந்திரப் பராமரிப்போ மின்னியலோ பயிலும் மாணவனை இரண்டாந்தரமாகக் கருதும் வழக்கம் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது; அதை வகுப்பறையிலேனும் விட்டொழிக்கலாம்.

நம் தமிழ் வகுப்புகளில் "எங்கள் ஊரின் வளர்ச்சி" என்று கட்டுரைத் தலைப்பு கொடுப்பது வழக்கம். வானளாவிய கட்டடங்கள், அகன்ற சாலைகள், பேரங்காடிகள் என்று மாணவர்கள் எழுதுவர். நாமும் நல்ல மதிப்பெண் இடுவோம். அடுத்த முறை தலைப்பைக் கொடுக்கும்முன் ஒரு சிறு பணி கொடுத்துப் பார்க்கலாம். மாணவர் தம் பள்ளிக்கு அருகிலுள்ள ஒரு தாமானைத் தேர்ந்துகொள்ளட்டும். அவ்விடம் முன்பு என்ன தோட்டம், என்ன கம்பம் என்று வீட்டுப் பெரியவரிடம் கேட்டு எழுதட்டும். அங்குள்ள ஒரு வீட்டின் விற்பனை விலையையும் வாடகையையும் விளம்பரத்திலிருந்து குறித்துக்கொள்ளட்டும். அதே வட்டாரத்தில் தொழிற்சாலைகள் வெளியிடும் வேலை விளம்பரங்களிலிருந்து சம்பளத்தையும் குறிக்கட்டும். பிறகு நாம் மேலே போட்ட கணக்கைத் தாமே போடட்டும். இரவு ஒன்பது மணிக்கு அங்குள்ள அடுக்குமாடியில் எத்தனை சன்னல்களில் விளக்கு எரிகிறது என்பதையும் பெற்றோருடன் சென்று எண்ணி வரலாம். அதற்குப் புள்ளிவிவரத் துறையின் உதவி தேவையில்லை.

அக்கட்டுரைகளை இவ்வரிசையின் அடுத்த கூட்டத்திற்குக் கொண்டுவரும் பள்ளிகளுக்கு நேரம் ஒதுக்க ஏற்பாட்டுக்குழு இசைந்துள்ளது. இனி உங்கள் வினாக்களைக் கேட்போம்.